அகம் கண்டு பெயரிட்ட அறிஞர்

(பத்தாம் வகுப்பு)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது சிறு வயது முதல் நாம் கேட்டுவரும் பழமொழி. மனிதர் வாழ்வில் அது பல வேளைகளில் உண்மையாகலாம். ஆனால் காளான்களின் உலகில் இப்பழமொழி செல்லுபடியாவதில்லை. முகத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரு காளான்கள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கும். முகத்தில் வேறுபட்டவை உள்ளே உடன்பிறப்புகள் போல ஒத்திருக்கும். இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர்.

அன்புத் தோழியரே! இவருடைய வாழ்வை நாம் அறிய வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கொடிய போரின் நடுவே இவர் செய்த செயல் ஒன்றைப் பலர் மேலோட்டமாகப் பார்த்து எடைபோட்டனர். துரோகி என்றும் தூற்றினர். காளான்களின் அகத்தைக் கண்டு சொன்னவரின் அகத்தைக் காண உடனிருந்தோர் தவறினர். அந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

மரத்தில் வாழும் காளான்கள்

மழைக்காலத்தில் பட்டுப்போன மரத்திலும், கொல்லையில் கிடக்கும் விறகுக் கட்டையிலும் விசிறி போலவும் காது மடல் போலவும் சில காளான்கள் புடைத்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை வெள்ளைக் குடை விரிக்கும் காளானைப் போல மென்மையானவை அல்ல. தொட்டால் தோல் போலவோ, தக்கை போலவோ, சில சமயம் மரம் போலவோ கெட்டியாக இருக்கும். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் ஆயிரக்கணக்கில் காணப்படும். அத்துளைகளின் உட்சுவர்களில்தான் ஸ்போர்கள் உண்டாகிக் காற்றில் பரவுகின்றன. இவற்றைத் துளைக் காளான்கள் எனலாம்.

நாம் வெளியே காண்பது காளானின் கனி மட்டுமே. அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக மரத்தின் உள்ளே ஓடுகிறது. மரத்துக்கு வலிமை தரும் லிக்னின் என்னும் பொருளை அவ்வளவு எளிதில் எந்த உயிரும் சிதைத்துவிட முடியாது. அதைச் சிதைப்பதில் இக்காளான்களே கைதேர்ந்தவை. இவை இல்லையென்றால் விழுந்த மரங்கள் மட்காமல் குவிந்து கிடக்கும். அவற்றில் அடைபட்ட சத்து மண்ணுக்குத் திரும்பாது. புதிய கன்று முளைப்பதும் அரிதாகிவிடும். காட்டைத் துப்புரவு செய்து, அதே வேளையில் காட்டுக்கு உணவும் ஊட்டும் இந்த எளிய உயிர்களை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கார்னரோ தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இவற்றுக்கே அளித்தார்.

இளமையும் கல்வியும்

கார்னர் 1906-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஓர் அறுவை மருத்துவர். ரக்பி பள்ளியில் கல்வி பயின்ற கார்னருக்கு இளமையிலேயே செடி கொடிகளின் மீதும் காளான்களின் மீதும் ஆர்வம் பிறந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் கற்றார். கிண்ணம் போன்ற வடிவுடைய காளான்கள் எவ்வாறு வளர்ந்து உருப்பெறுகின்றன என்பதை ஆராய்ந்து இளம் வயதிலேயே கட்டுரைகள் வெளியிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஏ. ஹெச். சர்ச் என்னும் தாவரவியலாளரின் கருத்துகள் அவர் மனத்தை ஆழமாகப் பற்றின. ஓர் உயிர் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எப்படி வளர்ந்து அந்நிலையை அடைந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே அக்கருத்துகளின் சாரம். பிற்காலத்தில் கார்னர் செய்த ஆராய்ச்சிகள் அனைத்துக்கும் இதுவே விதையாயிற்று.

1929-ம் ஆண்டில், தமது 23-ம் வயதில், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநராக அவர் கப்பலேறினார். அப்போது பூங்காவின் இயக்குநராக இருந்தவர் எரிக் ஹோல்ட்டம். ஹோல்ட்டம் பெரணிகளிலும் ஆர்க்கிட் மலர்களிலும் வல்லவர். கார்னருக்கோ அங்குள்ள காடுகளும் அவற்றின் காளான்களும் காத்திருந்தன.

உலர்ந்த மாதிரிகளும் உயிருள்ள காடும்

கார்னருக்கு முன் வெப்பமண்டலக் காளான்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்த அறிஞர்களே. சுவீடன் நாட்டு எலியாஸ் ஃப்ரீஸ் 1821-ம் ஆண்டு முதல் வெளியிட்ட நூல்கள் காளான் இயலுக்கு அடிப்படையாக அமைந்தன. அடிப்புறத்தில் துளை இருந்தால் ஓர் இனம், தகடுகள் இருந்தால் மற்றோர் இனம், முட்கள் இருந்தால் வேறோர் இனம் என்று வெளித்தோற்றத்தை வைத்து அவர் வகுத்தார். இங்கிலாந்தின் பெர்க்லி என்னும் சமய குரு, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்த காளான்களைத் தம் நாட்டில் இருந்தபடியே ஆராய்ந்து ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பெயரிட்டார். இவர்களின் உழைப்பு மகத்தானது. ஆனால் அவர்கள் கைக்குக் கிடைத்தவை உலர்ந்து சுருங்கி, நிறம் மாறிப்போன மாதிரிகள். அவை எந்த மரத்தில் எப்படி முளைத்தன, எப்படி வளர்ந்தன என்பதை அவர்கள் கண்டதில்லை.

கார்னர் அவற்றை உயிருடன் கண்டார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றிலும் மலாயாவின் ஜோகூர், பகாங் காடுகளிலும் நடந்து நடந்து சேகரித்தார். வெறுமனே சேகரிப்பதோடு நிற்காமல் அவற்றின் நிறம், மணம், வளரும் விதம் அனைத்தையும் அங்கேயே குறித்தார். வண்ணப் படமும் வரைந்தார்.

எப்போதும் ஈரமாக இருக்கும் அக்காடுகளில் காளான்களும் எப்போதும் இருக்கும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் கவனித்து, அங்கேயும் குடைக் காளான்களுக்குப் பருவங்கள் உண்டு என்று கண்டார். சில வாரங்கள் வறண்டிருந்து, அதன்பின் நல்ல மழை பெய்தால்தான் அவை கூட்டங்கூட்டமாக எழும்புகின்றன. 1935-ல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு உலர்ந்த மாதிரியைப் பார்ப்பவர் இதை எவ்வாறு அறிய முடியும்?

மூன்று வகை இழைகள்

மலாயாக் காடுகளில் விழுந்து கிடக்கும் சுள்ளிகளின் மேல் அழகியதொரு துளைக் காளான் வளர்கிறது. புனல் போன்ற உருவம். மேற்புறத்தில் பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமான கோடுகள். காம்பின் அடியில் மஞ்சள் நிறமான ஒரு பாதம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இது உண்டு. சாந்தோபஸ் என்ற அதன் பெயருக்கே மஞ்சள் கால் என்பதுதான் பொருள். காகிதம் போல மெல்லியதாக இருந்தும் எளிதில் கிழியாத இக்காளானின் உறுதிக்குக் காரணம் என்ன? இக்கேள்வியே கார்னரை ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு அழைத்துச் சென்றது.

காளானின் இழைகள் மிக மெல்லியவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால், அதில் இரண்டு முதல் ஆறு பங்குதான் ஓர் இழையின் பருமன். அவை பின்னிப் பிணைந்து கிடப்பதால், குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே சிக்கலாகவே தோன்றும். கார்னர் அறுத்துப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. வளரும் விளிம்பிலிருந்து தொடங்கி, ஊசிகளால் இழைகளைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வோர் இழையும் எங்கே பிறந்து எப்படிக் கிளைத்து எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்தார். சிக்கலான நூற்கண்டை அறுக்காமல் பிரிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நாம் அறிவோம். கண்ணுக்கே தெரியாத நூலென்றால் கேட்கவும் வேண்டுமோ!

அப்படிப் பார்த்தபோது அக்காளானுக்குள் மூன்று வகை இழைகள் இருப்பது தெரிந்தது. முதல் வகை மெல்லிய சுவரும் குறுக்குத் தடுப்புகளும் கொண்டது. வளர்வதும் கிளைப்பதும் ஸ்போர்களை உண்டாக்குவதும் இதன் வேலை. இதை ஆக்க இழை எனலாம். இரண்டாம் வகை தடித்த சுவருடன் கிளை இல்லாமல் நீண்டு செல்வது. வீட்டுக்கு உத்தரம் போலக் காளானுக்கு உறுதி தருவது இதுவே. இதைச் சட்டக இழை எனலாம். மூன்றாம் வகை குட்டையாகவும் வளைந்து வளைந்தும் பல கிளைகளுடன் மற்ற இழைகளைச் சுற்றிக் கட்டுவது. இது பிணைப்பு இழை. பாய் முடைபவர் கோரையை நீளவாக்கில் வைத்துக் கயிற்றால் பிணைப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுபோன்ற வேலைப்பாடு இக்காளானுக்குள்ளே நடந்திருக்கிறது.

இதை 1932-ம் ஆண்டு கார்னர் வெளியிட்டார். ஆக்க இழை மட்டும் உள்ளவற்றை ஓரிழை அமைப்பு என்றும், ஆக்க இழையோடு மற்றொரு வகையும் சேர்ந்தவற்றை ஈரிழை அமைப்பு என்றும், மூன்றும் உள்ளவற்றை மூவிழை அமைப்பு என்றும் பிரித்தார். மோனோமிட்டிக், டைமிட்டிக், டிரைமிட்டிக் என்பன அவர் சூட்டிய பெயர்கள். கிரேக்க மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவற்றை ஆக்கினார். பெரும்பாலும் ஓரிழைக் காளான்கள் மென்மையாகவும் மூவிழைக் காளான்கள் தோல் போலக் கெட்டியாகவும் இருப்பதற்கான காரணமும் இதனால் விளங்கிற்று.

தாம் கண்டறிந்த முறையை அவர் தொடர்ந்து விரிவாக்கினார். துளைக் காளான்களின் கட்டமைப்பைப் பற்றிய அவருடைய முக்கியமான கட்டுரை ஒன்று 1953-ல், நம் நாட்டின் டில்லியிலிருந்து வெளிவந்த பைட்டோமார்ஃபாலஜி என்னும் ஆய்விதழில் வெளியாயிற்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

தோட்டங்களை வாட்டிய நோய்

இழைகளை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அதற்கும் கார்னரின் வாழ்விலேயே விடை உண்டு.

அக்காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் ஆயிரமாயிரமாக உழைத்து வந்தனர். ரப்பர், தேயிலை, கோக்கோ போன்ற பயிர்களை வேர்நோய்கள் தாக்கின. அவற்றுள் ஒன்று பழுப்பு வேர்நோய். மண்ணும் மணலும் பழுப்பு நிற இழைகளோடு சேர்ந்து வேரின் மேல் பொருக்குப் போல ஒட்டிக்கொள்ளும், வேர் உள்ளே அழுகும், மரம் பட்டுப்போகும். ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் நோயும் கடந்து செல்லும். இந்நோயை உண்டாக்கும் காளானை அதுவரை வேறொரு காளானின் பெயரால் அழைத்து வந்தனர். கார்னர் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து, இது தனி இனம் என்று காட்டி, 1932-ல் ஃபோமஸ் நாக்சியஸ் என்று பெயரிட்டார். நாக்சியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குத் தீங்கு செய்வது என்று பொருள். பெயருக்கேற்றபடியே அது இன்றளவும் இருநூறுக்கும் மேற்பட்ட மரம் செடி வகைகளைத் தாக்குகிறது. தைவான், ஹாங்காங் முதலிய இடங்களில் பழைய நிழல்மரங்களையும் சாய்க்கிறது. பகைவன் யார் என்று சரியாக அறியாமல் அவனை எதிர்க்க முடியாது. சரியான பெயர் என்பது வெறும் அலங்காரம் அன்று. அதுவே முதல் மருந்து.

மரமேறிய மாணாக்கர்

கார்னர் காளான்களை மட்டும் ஆராயவில்லை. காட்டு மரங்களையும் ஆராய்ந்தார். ஆனால் நூறடிக்கு மேல் உயர்ந்த மரத்தின் பூவையும் காயையும் எவ்வாறு பறிப்பது? மரத்தையே வெட்டிச் சாய்ப்பதுதான் அக்கால வழக்கம். ஒரு பூவுக்காக ஒரு மரத்தைக் கொல்வதா என்று எண்ணிய அவர் புதிய வழி கண்டார். மலாயாவின் கிளந்தான் பகுதியில் பெரோக் எனப்படும் குரங்குகளைத் தேங்காய் பறிக்கப் பழக்குவர். அக்குரங்குகளைக் கார்னர் 1937-ம் ஆண்டு முதல் தாவர சேகரிப்புக்குப் பயன்படுத்தினார். இடுப்பில் நீண்ட கயிற்றுடன் மரமேறிய குரங்கு, கீழிருந்து மலாய் மொழியில் இடும் கட்டளையைக் கேட்டுக் கிளைகளை ஒடித்துப் போடும்.

இவ்வாறெல்லாம் திரட்டிய அறிவைக் கொண்டு 1940-ல் மலாயாவின் வழியோர மரங்களைப் பற்றி இரு பாகங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். சாலையில் நடந்து செல்லும் எவரும் எடுத்துப் படித்து மரத்தை அறிந்துகொள்ளும்படி எளிய நடையில் எழுதப்பட்ட அந்நூல் இன்றும் போற்றப்படுகிறது.

போரும் பழிச்சொல்லும்

1941-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. அந்நாட்களில் கார்னரின் குரங்குகளில் ஒன்று அவர் கையைக் கடித்துக் கடுமையாகக் காயப்படுத்தியது. அதனால் அவரால் தொண்டர் படையில் சேர்ந்து போரிட இயலாமற்போயிற்று. 1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

தோற்ற நகரத்தில் கொள்ளை நடப்பது இயல்பு. பூங்காவில் பல்லாண்டுகளாகத் திரட்டிய உலர்தாவரத் தொகுப்பும், ராஃபிள்ஸ் அருங்காட்சியகமும், நூலகமும் காப்பாரின்றி நின்றன. அறிவியல் செல்வங்களைக் காக்க வேண்டும் என்று ஆளுநர் எழுதித் தந்த குறிப்புடன் கார்னர் ஜப்பானிய அதிகாரிகளிடம் சென்றார். அங்கு வந்து சேர்ந்த புவியியல் பேராசிரியர் தனாகதாதே அவர்களும் அறிவியலை மதிப்பவராகவே இருந்தார். கார்னரும் ஹோல்ட்டமும் சிறைமுகாமுக்கு அனுப்பப்படாமல் பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் பணியாற்றும்படி வைக்கப்பட்டனர். பிறகு கியோட்டோ பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் கொரிபா பூங்காவின் பொறுப்பை ஏற்றார். தொகுகாவா யோஷிசிகா என்னும் பிரபு மேற்பார்வையாளராக வந்தார். நாட்டால் பகைவர்களான இவர்கள் ஒன்றுகூடித் தாவர மாதிரிகளையும் நூல்களையும் காத்தனர். ஆளில்லாமல் விடப்பட்ட வீடுகளிலிருந்த புத்தகங்களைக்கூடச் சேகரித்து நூலகத்தில் சேர்த்தனர்.

இதைச் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த ஆங்கிலேயர் பலர் எப்படிப் பார்த்தனர்? தாங்கள் பசியாலும் நோயாலும் வாடும்போது தம்மவர் ஒருவர் வெளியே பகைவருடன் நடமாடுகிறாரே என்று கொதித்தனர். துரோகி என்ற பழி கார்னர் மேல் விழுந்தது. அவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறிவிட முடியாது. அந்நாட்களில் ஜப்பானியப் படை சிங்கப்பூரில் எண்ணற்ற சீன மக்களைக் கொன்றது, கைதிகளைக் கொடுமைப்படுத்தியது. அத்தகைய ஆட்சியோடு சேர்ந்து வேலை செய்வது சரியா என்ற கேள்விக்கு எளிதாக விடை கூற யாரால் முடியும்?

ஆனால் 1945-ல் போர் முடிந்தபோது பூங்காவின் தொகுப்பும் அருங்காட்சியகமும் நூலகமும் அழியாமல் இருந்தன. உலகின் பல நகரங்களில் இத்தகைய செல்வங்கள் அப்போரில் சாம்பலாயின. பெர்லின் நகரின் புகழ்பெற்ற உலர்தாவரத் தொகுப்பின் பெரும்பகுதி 1943-ல் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. ஒரு தாவரத்துக்கோ காளானுக்கோ முதன்முதலில் பெயரிடும்போது வைக்கப்படும் மூல மாதிரி அழிந்தால், அதை மீண்டும் உண்டாக்க முடியாது. கார்னர் தம் நற்பெயரைக் கொடுத்து அவற்றைக் காத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பழி சொன்னவர்களுடன் அவர் உடனே வழக்காடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1981-ல்தான், அப்பிரபுவைப் பற்றிய நூலாக அந்நாட்களின் கதையை எழுதினார். அந்நூலிலும் தம்மைப் புகழ்வதைவிட, அறிவியலைக் காத்த ஜப்பானிய நண்பர்களுக்கு நன்றி சொல்வதையே நோக்கமாகக் கொண்டார்.

மலைகளும் மாணவர்களும்

போருக்குப் பின் 1947-ல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பணியில் கார்னர் தென்அமெரிக்கா சென்றார். அமேசான் காடுகளை ஆராய ஓர் அனைத்துலக நிலையம் அமைக்க வேண்டும் என்பது அப்போதைய திட்டம். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1949-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி ஆசிரியப் பணியில் அமர்ந்தார்.

1950-ல் பவழம் போலக் கிளைத்து வளரும் காளான்களைப் பற்றி எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலை வெளியிட்டார். பவழ வடிவம் கொண்டவை யாவும் ஒரே குடும்பம் என்று முன்னோர் கருதினர். அவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, முகம் மட்டுமே ஒன்று என்று கார்னர் நிலைநாட்டினார். 1955-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1966-ல் வெப்பமண்டலத் தாவரவியல் பேராசிரியரானார்.

1961-லும் 1964-லும் ராயல் சொசைட்டி போர்னியோத் தீவின் கினபாலு மலைக்கு ஆராய்ச்சிக் குழுக்களை அனுப்பியபோது, அவற்றின் தலைவர் கார்னரே. 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் தாவரச் செல்வத்தை அவர்கள் உலகறியச் செய்தனர். 1964-ல் கினபாலு பாதுகாக்கப்பட்ட பூங்காவாயிற்று; 2000-ல் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் எல்லாக் காடுகளுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இளமையில் கார்னர் நடந்து திரிந்த தெற்கு ஜோகூரின் சதுப்புக் காடுகள் அவர் காலத்திலேயே வெட்டி அழிக்கப்பட்டன. 1978-ல் அக்காடுகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், மறைந்துபோன ஒன்றின் நினைவேடாகவே ஆயிற்று. அங்கு மட்டுமே இருந்த காளான்கள் எத்தனை பெயரின்றியே போயினவோ!

முதுமையிலும் தளராத உழைப்பு

1973-ல் பணி ஓய்வு பெற்ற கார்னர் ஓய்ந்திருக்கவில்லை. லென்டினஸ் என்றொரு காளான் உண்டு. அதன் அடிப்புறத்தில் குடைக் காளானைப் போலத் தகடுகள் இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பதோ துளைக் காளான்களின் இழை அமைப்பு. இத்தகைய காளான்களைப் பற்றி 1981-ல் ஒரு நூல் எழுதினார்.

தம் இளமை முதல் திரட்டி வைத்திருந்த துளைக் காளான்களைப் பற்றிய விரிவான நூல்வரிசையை அவர் வெளியிடத் தொடங்கியது 1983-ல். அப்போது அவருக்கு வயது 77. ஆட் போலிபோராசியாஸ் என்னும் அவ்வரிசையின் ஏழாம் பகுதி 1991-ல் வெளிவந்தபோது வயது 85. இளைஞராக மலாயாவில் சேகரித்த காளான்கள் பலவற்றுக்கு முதியவராகப் பெயர் சூட்டினார். அரை நூற்றாண்டுக் காலம் ஒரு வேலையை மனத்தில் சுமந்து முடிப்பதென்றால் அது எளிய செயலா?

1985-ல் ஜப்பான் நாடு, பேரரசர் ஹிரோஹிட்டோவின் அறுபதாண்டு ஆட்சியை நினைவுகூர அனைத்துலக உயிரியல் பரிசை ஏற்படுத்தியது. சளிக் காளான்களைத் தாமே ஆராய்ந்த பேரரசர் அவர். அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் கார்னர். ஒரு காலத்தில் ஜப்பானியரோடு சேர்ந்து பணியாற்றியதற்காகத் தூற்றப்பட்டவர், அறிவியலுக்காகவே அந்நாட்டில் சிறப்பிக்கப்பட்டார்.

1996-ம் ஆண்டு செப்டம்பர் 14-ம் நாள், 90-ம் வயதில், கேம்பிரிட்ஜ் அருகே அவர் காலமானார். சிங்கப்பூர்ப் பூங்காவில் அவர் வாழ்ந்த வீடு அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. அப்பூங்காவும் 2015-ல் உலக மரபுச் சின்னமாயிற்று.

நாம் அறிய வேண்டுவது

இன்று மரபணுக்களை ஒப்பிட்டுக் காளான்களின் உறவை அறிகின்றனர். அவ்வாய்வு கார்னரின் சில கருத்துகளை மாற்றியுள்ளது. ஒரே வகை இழை அமைப்பு வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருப்பதும் தெரியவந்துள்ளது. அதாவது, இழைகளும் சில சமயம் நம்மை ஏமாற்றும். அகத்துக்குள்ளும் ஓர் அகம் உண்டு! ஆனால் தகடுடைய லென்டினஸ் துளைக் காளான்களின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதை மரபணு ஆய்வும் உறுதி செய்துள்ளது. துளைக் காளானைக் கையில் எடுக்கும் எந்த ஆராய்ச்சியாளரும், அது ஓரிழையா, ஈரிழையா, மூவிழையா என்று இன்றும் பார்க்கவே செய்கிறார்.

கார்னர் பெயரிட்ட வேர்நோய்க் காளானின் பெயரும் இருமுறை மாறிவிட்டது. முதலில் ஃபெல்லினஸ் இனத்திலும், 2018-ல் பைரோடெர்மா இனத்திலும் அதைச் சேர்த்தனர். எனினும் அறிவியல் மரபுப்படி, முதலில் இனங்கண்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் நிலைத்து நிற்கும். இனம் எத்தனை முறை மாறினாலும் கார்னர் என்ற பெயர் அதனுடனே செல்கிறது. பின்வருவோர் திருத்தலாம், ஆனால் முதலில் உற்றுநோக்கியவரை மறக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல மரபு இது.

தோழியரே! பெயர் அறியப்படாத காளான்கள் வெப்பமண்டலக் காடுகளில் இன்னும் ஏராளமாக உள்ளன. அவற்றைக் கண்டு சொல்ல இனி வருவோர் நம்மில் சிலராகவும் இருக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த கருவி அன்று. குனிந்து பார்க்கும் பழக்கமே. அடுத்த மழைக்குப் பட்ட மரத்தில் முளைக்கும் காளானை ஒரு கணம் நின்று நோக்குவோம். அதைத் திருப்பி அதன் துளைகளையும் காண்போம். மனிதரை எடைபோட நேரும்போதும், முதலில் தோன்றிய முகத்தோடு நின்றுவிடாமல், சற்றுப் பொறுத்து உள்ளேயும் பார்ப்போம்.